ஆமியை விட்டு வந்தவர், குடியை விடாதவர்: கொழும்பில் எங்கே கூட்டிப் போவது?

என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலன், 14 வருடம் இலங்கை ஆமியில் (இராணுவத்தில்) இருந்தவர். நீர்கொழும்புக்கு வடக்கே கடலோரம் சொந்த ஊர். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றைப் போல வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். இப்போது கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார்.

நான்கு வருடமாகக் குடியை விட்டிருந்தார். 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது முகம் மழித்துக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டதும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் படுத்துவிட்டார் என்று அக்கா சொன்னார். அன்று இரவு அரைப் போத்தல் சாராயம். அதற்குப் பிறகு கணக்கில்லை.

அவரை எங்கே கூட்டிப்போவது என்று நாங்கள் ஐந்து பேர் கூடி முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் விசாரித்தேன், சிலவற்றுக்கு நேரில் போனேன். அந்த அலைச்சலில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, ஒரு குடும்பத்து ஆள்.

இடங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். நாங்கள் முதலில் செய்தது பெரிய பிழை. தவக்காலத்தில் அவரே நேர்த்தி வைத்து, அறைக்குள் இருந்துகொண்டு ஒரே நாளில் நிறுத்தப் பார்த்தார். முதல் நாள் கைநடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் சுவரில் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று கத்தினார். 'பழைய சண்டை ஞாபகம்தான் வருகிறது' என்று அக்கா நினைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பேய் என்றார். இரண்டும் இல்லை. நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். ஏறத்தாழ 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் இந்தக் குழப்பநிலை வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். போர்முனையில் இருந்தவருக்கு இது வரும்போது வீட்டார் அதை மனவடு, அதாவது போர் மனதில் விட்ட காயம், என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே எந்த இடத்தைத் தேர்ந்தாலும் முதல் வாரம் வைத்தியர் இருக்கும் கூரையின் கீழ்தான் போகவேண்டும். வார்ட்டில் குறுகிய காலத்துக்குக் குறைத்துக் குறைத்துத் தரும் மருந்தும் தயமின் எனும் பி1 விற்றமின் ஊசியும் சின்ன விஷயம் போலத் தோன்றும். மூளையைக் காப்பாற்றுவது அதுதான்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் சொன்னது நாரஹேன்பிட்டி ஆமி ஆஸ்பத்திரி. படைக்காரருக்குப் படைக்காரரின் இடம் என்பது நியாயமாகத்தான் படுகிறது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. வெடிச்சத்தம், பங்கர், கூட்டாளியின் உடலைத் தூக்கி வந்தது என்று எதைச் சொன்னாலும் அகராதி விரித்து விளக்க வேண்டியதில்லை. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ரணவிரு சேவா அதிகார சபையும் படைவீரர் குடும்பங்களின் நலனுக்காக இருக்கிறது. உங்கள் ஆள் 22 வருடம் முடித்து பென்ஷனோடு வந்தவர் என்றால், அல்லது காயப்பட்டு முறைப்படி விலக்கப்பட்டவர் என்றால், முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

எங்கள் ஆள் அப்படி வரவில்லை. லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. இப்படி விட்டுவந்தவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில். அதனால்தான் அரசாங்கம் அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கிறது. கடைசியாக எங்களுக்குத் தெரிந்தது 2024 ஏப்ரல், மே மாதங்களில். அதில் போய்த்தான் இவரும் சட்டப்படி விலகல் கடிதம் எடுத்தார். கடிதம் கையில் வந்த பிறகும் ஆமி வாசலைக் கண்டால் அவருக்குக் கால் பின்னுகிறது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பதினைந்து வருடம் உடம்பில் ஊறியது, ஒரு கடிதத்தால் போகுமா? நாம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நோயாளியின் கால் உள்ளே போகாத ஆஸ்பத்திரி அவருக்கு ஆஸ்பத்திரி இல்லை.

இன்னொன்றும் உண்டு. சேவையில் இருப்பவர்கள், 'மனநலப் பிரச்சினை என்று எழுதினால் பதவி உயர்வு போய்விடும்' என்று வாயைத் திறப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. எங்கள் ஆளிடம் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் 'நித்திரை நல்லா வருது' என்றுதான் நிரப்புவார்.

அடுத்தது தேசிய மனநல நிறுவகம். நீளமான பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அங்கொட என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் திட்டுவதற்கு அந்த ஊரின் பெயரைத்தான் பாவிப்போம். இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தபோது எண்ணம் மாறியது. நாட்டில் மனநலத்துக்கென்றே இருக்கும் பெரிய அரச ஆஸ்பத்திரி அது. மனநல வைத்தியர்கள், அதற்கென்று பயின்ற தாதியர், தொழில்வழிச் சிகிச்சை, சமூகசேவையாளர் எல்லாம் ஒரே வளவில். காசில்லை. 1926 என்ற அவர்களின் உதவி எண்ணுக்கு இரவிலும் அழைக்கலாம். ஆள் தன்னைத்தானே முடித்துக்கொள்வது பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எந்த ஒப்பீடும் வேண்டாம், அன்றிரவே அந்த எண், அல்லது கிட்டத்து ஆஸ்பத்திரி.

பெயருக்குப் பயப்படுபவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகம போன்ற பெரிய அரச ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அங்கே போவதை யாராவது கண்டாலும் பிரஷருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இதைக் கேவலமான தந்திரம் என்று நினைக்க வேண்டாம். வெட்கம் குறைந்தால் ஆள் இரண்டாம் கிளினிக்கும் வருவார், மூன்றாவதுக்கும் வருவார். குறை என்னவென்றால் கூட்டம். ஒரு வைத்தியருக்கு ஒரு காலையில் எத்தனை பேர் என்று வாங்கில் இருந்து எண்ணிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அந்த நெரிசலில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்றால் 'பரவாயில்லை' என்ற பதிலும் அதே குளிசையும்தான் நடக்கும். கதைத்துத் தீர்க்க வேண்டியதைக் கதைப்பதற்கு உளவியலாளரிடம் தனியாக நேரம் கேட்க வேண்டும். கேட்காமல் கிடைக்காது, கேட்டால் பல இடங்களில் கிடைக்கிறது.

மூன்றாவது வகை, தங்க வைத்துப் பார்க்கும் மறுவாழ்வு நிலையங்கள். போதைப்பொருளுக்கென்று இருக்கும் அரச அமைப்பான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 இல் அமைந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் தலங்கமவில் அவர்களுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. 1927 இல் ஆலோசனை கேட்கலாம். ஹெரோயின், ஐஸ் என்றால் நான் முதலில் அங்கேதான் கேட்பேன். கந்தக்காடு மறுவாழ்வு நிலையத்தின் பெயரும் எங்கள் கூட்டத்தில் வந்தது. அது நீதிமன்றம் அனுப்புபவர்களால் நிறைந்த இடம். 2022 இல் அங்கே கலவரம் வந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியது எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயதில் சாராயம் குடிக்கும் மனுசனுக்கு அது வழியல்ல.

தனியார் இல்லங்கள் பல விதம். நான் போய்ப் பார்த்த ஒன்றின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மதில், பூட்டிய கேற். காலை ஐந்து மணிக்கு விசில், வரிசையில் நிற்க வேண்டும், இலக்கம் சொல்ல வேண்டும். முதல் மாதம் வீட்டார் பார்க்க முடியாது. வைத்தியர் வாரத்துக்கு ஒருமுறை வருவாராம். பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார், 'ஆமி மாதிரி ஒழுங்கு, அண்ணே.' ஆமியிலிருந்து ஓடிவந்த ஆளைத் திரும்ப ஆமியில் சேர்க்க இவ்வளவு காசா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எல்லா இல்லமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் போய்ப் பார்க்காமல் ஆளை ஏற்றி அனுப்பாதீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், விஷயத்தின் கரு இதுதான். குடி தனி நோய், போர் மனவடு தனி நோய் என்று நாங்கள் இரண்டு கடைக்கு இரண்டு சாமான் வாங்கப் போவது போலத்தான் அலைந்தோம். மனநலப் பக்கம் போனால் 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வாங்க' என்பார்கள். குடிப் பக்கம் போனால் 'கெட்ட கனவுக்கெல்லாம் மனநல வைத்தியரைப் பாருங்கள்' என்பார்கள். ஆள் நடுவில் பந்து. இவர் குடிப்பதே இரவு கனவு வராமல் இருக்கத்தான். குடியை மட்டும் எடுத்துவிட்டால் கனவு முழுசாகத் திரும்பி வருகிறது, ஆறாவது வாரம் போத்தலும் வருகிறது. பழைய முறை, ஒன்றை முடித்து மற்றதைத் தொடுவது. இன்று படைவீரர்களுக்கென்று சிறப்பாக நடக்கும் சிகிச்சைகளில் இரண்டையும் ஒரே குழு ஒரே காலத்தில் எடுக்கிறது.

அமெரிக்காவை இதற்கு அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். போர் மனவடுவுக்கு அங்கே வைத்தியப் புத்தகத்தில் அதிகாரபூர்வப் பெயர் கிடைத்ததே 1980 இல், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடியதன் பிறகு. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1979 இல், ஆஸ்பத்திரிக்கு வெளியே ஊருக்குள் சின்ன ஆலோசனை நிலையங்களைத் திறந்தார்கள், ஏனென்றால் திரும்பி வந்தவர்களில் பலர் அரசாங்கக் கட்டடத்துக்குள் கால் வைக்க மறுத்தார்கள். எங்கள் ஆளின் கால் கதைதான். அங்கே மனவடுவுக்குத் தரும் பேச்சுச் சிகிச்சைகள் முடிவில்லாத புலம்பல் இல்லை. ஒன்று சுமார் 12 அமர்வு, இன்னொன்று 8 முதல் 15 அமர்வு, வாரம் ஒன்று. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதற்கு நாம் கொடுத்த அர்த்தத்தை அசைத்துப் பார்ப்பது. தற்கொலை நெருக்கடியில் இருக்கும் தகுதியுள்ள முன்னாள் படைவீரர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், செலவை அரசு ஏற்கும் என்று 2023 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. பிரித்தானியாவில் முன்னாள் படைவீரரின் மனநலத்துக்கென்றே ஒரு தொண்டு அமைப்பு 1919 இலிருந்து நடக்கிறது.

அங்கேயும் கொடியையும் தொப்பியையும் சுவரில் மாட்டிவிட்டுப் 'படைவீரர் சிறப்புச் சிகிச்சை' என்று விளம்பரம் போடும் இல்லங்கள் உண்டு. பலகையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க நான் எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இவர் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? 'வெளியே போடுவோம்' என்றவர்களை நான் விட்டுவிட்டேன். 'ஏன் குடித்தார் என்று கேட்போம்' என்று ஒரு தாதி சொன்னார். அவரது வார்ட்டில்தான் கடைசியில் சேர்த்தோம்.

நித்திரைக் குளிசை பற்றியும் சொல்லவேண்டும். டயசிபாம் வகைக் குளிசைகள் குடியை நிறுத்தும் அந்த முதல் வாரத்துக்கு, வைத்தியர் கண்முன்னால், சரி. போர் மனவடுவுக்கு மாதக்கணக்கில் போட அமெரிக்கப் படைவீரர் சிகிச்சை வழிகாட்டியே கூடாது என்கிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதை. தனியாரில் மாலையில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி வைத்தியரிடம் நேரம் பதிந்து, பத்து நிமிடத்தில் வெளியே வருபவர்கள் கையில் பெரும்பாலும் இந்தக் குளிசைத் துண்டு இருப்பதைக் கண்டிருக்கிறேன். தனியாரில் கிடைப்பது வரிசை இல்லாமையும் மரியாதையும்தான். வைத்தியர் காலையில் அரச ஆஸ்பத்திரியில் இருந்த அதே ஆளாகவும் இருக்கலாம். கையில் காசு இருந்தால் அதை வைத்தியர் கட்டணத்தை விட உளவியலாளரின் ஒரு மணித்தியாலத்துக்குச் செலவழியுங்கள் என்பது என் கட்சி.

இன்னொரு வியாபாரம், 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்து'. அக்கா ஏற்கெனவே விலை கேட்டுவிட்டார். குடித்தால் உடம்பு முறிக்கும்படி செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது, வைத்தியர் தருவார், ஆள் அறிந்து சம்மதித்துப் போடவேண்டும். தெரியாமல் கறியில் கலந்து, அவர் வெளியே போய் அரைப் போத்தல் அடித்தால் இதயமே நிற்கலாம். இது வேண்டவே வேண்டாம்.

வீட்டில் இருந்தபடி போய்வரும் வழியும் இருக்கிறது. சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974 இலிருந்து கொழும்பில் இருக்கிறது. அதன் மெல் மெதுர பிரிவு குடி, போதைக்கானது. தங்கத் தேவையில்லை, காசில்லை, வெளியே சொல்ல மாட்டார்கள். குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டங்களும் நடக்கின்றன. வேலை இருப்பவர்களுக்கும் வார்ட்டிலிருந்து வந்தவர்களுக்கும் நல்ல தொடர்ச்சி. முதல் வாரத்துக்கு இவை போதாது.

கடைசியாக என்னுடைய யோசனை, அதாவது தோற்றுப்போன யோசனை: சென்னை. 1980 இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரி குடிநோய்க்கென்றே இருப்பது. தங்கிச் சிகிச்சை, குடும்பத்துக்கும் சேர்த்துப் பயிற்சி, எல்லாம் தமிழில். விமானம் ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. மொழிதான் மருந்து என்று நான் வாதாடினேன். குளிசை எந்த மொழியிலும் வேலை செய்யும், கதைச் சிகிச்சை தாய்மொழியில்தானே முடியும்?

சகலனே கேட்டார், 'தம்பி, அங்க கூட்டத்தில எழும்பி நான் என்ன சொல்லுறது? சிலோன் ஆமியில இருந்தனான் எண்டா?'

எனக்குப் பதில் வரவில்லை. சென்னையில் பத்துத் தமிழர் நடுவில் அதைச் சொல்லிவிட்டு அமர முடியுமா? கொட்டாஞ்சேனையிலேயே எங்கள் ஆட்களிடம் அவர் சொல்வதில்லை, 'சிக்கியூரிட்டி வேலை' என்பார். பிறகு அவர் சொன்னதுதான் என் ஒப்பீட்டையே தலைகீழாக்கியது: கனவு வருவது சிங்களத்திலாம். கட்டளை, கூச்சல், செத்துப்போன கூட்டாளி கடைசியாகச் சொன்ன வார்த்தை எல்லாம் சிங்களம். வெட்கமும் பிள்ளைகளும் தேவாலயமும் தமிழ். அவருக்குத் தேவைப்பட்டது தமிழ் வைத்தியர் இல்லை. இரண்டும் தெரிந்த ஒருவர், அதுவும் தனியாக, கூட்டமில்லாமல்.

இதையே மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வந்த முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் கொழும்பில் கடையிலும் கட்டடத்திலும் வேலை செய்பவர்களும் உண்டு. குண்டுச் சிதறலுக்கும் கனவுக்கும் சீருடை வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர்களுக்கு ஆமி ஆஸ்பத்திரி இல்லை, பென்ஷன் இல்லை, சிங்களம் மட்டும் பேசும் வார்ட்டில் வாய் திறக்கவும் முடியாது. அப்படி ஒருவருக்கு யாராவது என்னிடம் கேட்டால் சென்னையையோ யாழ்ப்பாணத்தையோ தயங்காமல் சொல்வேன். எங்கள் ஆளுக்குச் சொல்ல மாட்டேன். இடத்தைத் தேடுமுன் எந்த மொழியில் கனவு வருகிறது என்று கேளுங்கள். நாங்கள் நாலு மாதம் அலைந்த பிறகுதான் கேட்டோம்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது: அரச ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல வார்ட்டில் பத்து நாள், பிறகு அதே இடத்துக் கிளினிக், இரண்டு மொழியும் பேசும் உளவியலாளரிடம் வாரம் ஒரு மணித்தியாலம். தங்கும் இல்லம் எதுவும் இல்லை. குளிசைப் பெட்டி அக்கா கையில். முதல் ஆறு மாதத்தில் இரண்டு தடவை குடித்தார். ஒன்று, தீபாவளி வெடி இரவு. மற்றதற்குக் காரணமே இல்லை என்கிறார். இரண்டு தடவையும் மறுநாள் கிளினிக்குக்குப் போனார், யாரும் வெளியே போடவில்லை. ஏப்ரல் வருடப்பிறப்பு வெடிக்கு முன்னால் இப்போதே உளவியலாளரோடு திட்டம் போடுகிறார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் ஆளின் விலகல் கடிதம், பழைய காயங்களின் ஆஸ்பத்திரித் துண்டுகள், இப்போது போடும் குளிசைகளின் பட்டியல் மூன்றையும் ஒரு பையில் வையுங்கள். குண்டு பக்கத்தில் வெடித்து மயங்கியது உண்டா என்று கேட்டு அதையும் எழுதுங்கள், தலையில் பட்ட அடியும் கோபமாகவும் மறதியாகவும் வெளியே வரும், குடி என்று தவறாக நினைத்துவிடுவார்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதையும் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான், எங்களிடம்தான் பதில் இருக்கவில்லை.